ஒரு வாரத்தில் பாய்மரப் படகில் சான்டோரினி போய்வர முடியுமா?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம், ஏதென்ஸில் ஒரு பாய்மரப் படகை ஏழு நாள் வாடகைக்கு எடுத்து சான்டோரினி போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, 13 வயது மகன், 9 வயது மகள், மைத்துனர் என ஐந்து பேர். மைத்துனர் சிறிய பாய்ப்படகு ஓட்ட ஒரு வாரப் பயிற்சி எடுத்திருக்கிறார், அது போதுமா என்பது இரண்டாவது கேள்வி. எல்லோரும் சைவம் என்றும் மகளுக்கு நீச்சல் தெரியாது என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். கேள்வியில் சான்டோரினி என்ற பெயர் இருந்தாலும், நீங்கள் கேட்பது வேறு என்றே எனக்குப் படுகிறது. கடல் பழக்கமில்லாத ஒரு குடும்பம், தனக்கென்று ஒரு படகில் பாய் விரித்துப் போய் ஒரு கிரேக்கத் தீவில் இறங்க முடியுமா, அதைப் பயமில்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் அது. அதற்கு என் பதில், தாராளமாக முடியும். ஆனால் ஆகஸ்டில், ஏழு நாளில், சான்டோரினிக்கு வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். 11 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தேன். பிறகு பாய்மரப் படகு ஓட்டும் சான்றிதழ்கள் பெற்று, 9 கோடைகளாக ஏதென்ஸை அடுத்த அலிமோஸ் மரீனா என்ற படகுத்துறையிலிருந்து வாடகைப் படகுகளுக்கு ஸ்கிப்பராக, அதாவது படகை ஓட்டும் பொறுப்பாளராகப் போகிறேன். ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவும், சான்டோரினி சேர்ந்த சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் மேற்குப் பகுதியும் எனக்கு நன்றாகத் தெரியும். கிரீஸுக்கு மேற்கே உள்ள அயோனியன் கடலுக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன். துருக்கிக் கரையை ஒட்டிய தீவுகளுக்கு நான் படகு ஓட்டியதே இல்லை, அதனால் அந்தப் பக்கம் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை.

முதலில் கணக்கு. அலிமோஸிலிருந்து சான்டோரினி சுமார் 125 கடல் மைல், அதாவது 230 கிலோமீட்டர். நீங்கள் எடுக்கக்கூடிய 40 அடிப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்திலிருந்து ஆறு கடல் மைல் போகும். நிற்காமல் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவில் ஓட்ட மாட்டீர்கள். எனவே நாளைக்கு 40 மைல் வீதம் போக மூன்று நாள், வர மூன்று நாள். வாடகை வாரம் என்பது பெரும்பாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகு மரீனாவுக்குத் திரும்பிவிட வேண்டும், சனிக்கிழமை காலை இறங்கிவிட வேண்டும். கையில் இருப்பது ஆறு பகல். அந்த ஆறும் ஓட்டத்திலேயே போய்விடும், தீவில் கால் வைத்து நடக்க அரை நாள்கூட மிஞ்சாது. இதுவும் காற்று நமக்குச் சாதகமாக இருந்தால் மட்டும். ஆகஸ்டில் திரும்பும் வழியில் அது சாதகமாக இருப்பது அபூர்வம்.

கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் கோடைக்காலம் முழுவதும் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசுகிறது. மெல்டெமி என்று பெயர். பழைய கிரேக்கர்கள் இதை ‘ஆண்டுதோறும் வருவது’ என்ற பொருளில் எட்டீசியன் காற்று என்றார்கள். மே கடைசியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உச்சத்துக்குப் போய், செப்டம்பரில் தணியும். இதன் காரணத்தில் நமக்கும் பங்குண்டு. நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்துவருகிற கோடைக்காலத் தாழ்வழுத்தம், பாகிஸ்தான், ஈரான் வழியாக மேற்கே துருக்கி வரை ஒரு கையை நீட்டிக் கிடக்கிறது. எதிர்ப்பக்கம், பால்கன் நாடுகளின் மேல் உயரழுத்தம். இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஏஜியனில் காற்று வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது. தூத்துக்குடியில் கச்சான் அடித்துப் புழுதி பறக்கும் அதே மாதங்களில் அங்கே இந்த வாடை அடிக்கிறது. இரண்டையும் பார்த்தவன் என்பதால் எனக்கு இந்தத் தொடர்பு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

மெல்டெமி பற்றி நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நமக்குப் பெருங்காற்று என்றால் முதலில் வானம் கறுக்க வேண்டும், ஈரவாடை வர வேண்டும். அங்கே அப்படி இல்லை. வானம் துடைத்துவைத்த நீலமாக இருக்கும், தூரத்துத் தீவுகள் கூர்மையாகத் தெரியும், வெயில் சுள்ளென்று அடிக்கும். கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டிருக்கும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 6 என்பது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர், 7 என்பது 50 முதல் 61. நடு ஏஜியனில் ஆகஸ்ட் மாதத்துக்கு இவை வழக்கமான எண்கள். தொடங்கினால் மூன்று நாள் அடிக்கலாம், ஒரு வாரமும் அடிக்கலாம். உயரமான தீவின் தென்புறம் ஒதுங்கினால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். மலையுச்சியைத் தாண்டிய காற்று சரிவில் உருண்டு இறங்கி, மேலே இருந்ததைவிட வேகமாக வந்து அறையும் இடங்கள் உண்டு.

சான்டோரினி ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. போகும்போது இந்தக் காற்று முதுகில் தள்ளும், எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும். திரும்பும்போது அது முகத்தில் இருக்கும். எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேராகப் போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். 125 மைல் அப்போது 175 மைலைத் தொட்டுவிடும். இயந்திரத்தைப் போட்டு நேராகப் போகலாமே என்றால், அந்த அலையில் அணியம், அதாவது படகின் முன்முனை, ஒவ்வொரு முறையும் தூக்கி அறைந்து விழும், வேகம் மூன்று மைலுக்கு இறங்கிவிடும், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்துக் கிடப்பார்கள்.

இதை நான் ஒரு முறை என் தவறால் கற்றேன். என் மூன்றாவது கோடை. இரண்டு குடும்பங்கள் சைக்ளடீஸ் பார்த்தே தீர வேண்டும் என்றார்கள். வாரக் கடைசியில் 7 அளவு காற்று வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது. ஐந்தாறு நாள் தள்ளிச் சொல்லும் முன்னறிவிப்பு மாறக்கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சம்மதித்தேன். போன வழி அருமையாக இருந்தது. கித்னோஸ் தீவின் மேற்குக் கரையில் மெரிஹாஸ் துறையில் கட்டினோம். மறுநாள் விடியற்காலை பாய்மரக் கம்பிகள் ஊளையிடும் சத்தத்தில் விழித்தேன். மூன்று நாள் அந்தத் துறையைவிட்டு வெளியே போக முடியவில்லை. நடுவில் ஒரு நாள் பயணிகள் கப்பலும் வரவில்லை. கடைசியில் அவர்களைக் கப்பலில் ஏற்றி ஏதென்ஸுக்கு அனுப்பினேன், ஒரு குடும்பத்துக்கு விமானம் தவறிவிட்டது. காற்று தணிந்த பிறகு நான் தனியாகப் படகைக் கொண்டுவந்தேன். அவர்கள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒரு சின்னப் பெண் கப்பல் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து, வழியனுப்புகிற காற்றைப் பார்த்து நான் தீவைத் தேர்ந்தெடுப்பதில்லை. திரும்பி வரும் வழி எனக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் ஒரு தீவுக்குப் புறப்படுகிறேன்.

இன்னொரு காரணம் சான்டோரினியின் அமைப்பிலேயே இருக்கிறது. படங்களில் வெள்ளை வீடுகளுக்குக் கீழே தெரியும் அந்த நீலக் கடல், சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் குழி. ஆழம் கிட்டத்தட்ட 400 மீட்டர் வரை போகிறது, கரையோரத்திலேயே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. நம் படகில் இருக்கும் நங்கூரச் சங்கிலி 50 அல்லது 60 மீட்டர். அது எதைத் தொடும்? தெற்குக் கரையில் விலிஹாடா என்ற சிறு மரீனா ஒன்று இருக்கிறது. நுழைவாயிலில் மணல் மேடிடும் இடம், உள்ளே சுற்றுலாப் படகுகளே நிறைந்திருக்கும். ஆகஸ்டில் இடம் கிடைக்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. 2007இல் ஒரு பெரிய சொகுசுக் கப்பலே அந்தக் குழிக்குள் பாறையில் மோதி மூழ்கியது. படகில் போவதற்கு அது அழகான தீவு, படகைக் கட்டிவைப்பதற்கு அல்ல.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய வசதி உங்களுக்கே தெரிந்திருக்காது. நம் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை, ஐரோப்பியப் பள்ளிகளுக்கு அப்போது வகுப்பு. மே மாதத்தின் பின்பாதியில் மெல்டெமி இன்னும் நிலைபெற்றிருக்காது, பகல் நீளம், துறைகளில் இடம் உண்டு, வாடகையும் ஆகஸ்டைவிடக் கணிசமாகக் குறைவு. கடல் நீர் மட்டும் சற்றுக் குளிராக இருக்கும், 20 பாகை செல்சியஸ் அளவில். குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பயணத்தை அடுத்த மே மாதத்துக்குத் தள்ள முடியுமென்றால் தள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஆகஸ்ட்தான் என்றால், சரோனிக் வளைகுடாவைவிட்டு வெளியே போகாதீர்கள். ஏதென்ஸுக்குத் தெற்கே, மூன்று பக்கமும் பெருநிலம் அணைத்திருக்கும் கடல் அது. மெல்டெமி அங்கேயும் எட்டிப் பார்க்கும், ஆனால் நடு ஏஜியனில் 7 அடிக்கும் நாளில் இங்கே பெரும்பாலும் 4, 5 அளவில் நின்றுவிடும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்கேயும் 6 அடித்து ஒரு நாள் முழுவதும் துறையில் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே எந்தத் துறையிலிருந்தும் வீடு திரும்ப ஏறக்குறைய 40 மைல்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டு ஏஜினா தீவின் தென்முனையில் இருக்கும் பெர்டிகாவுக்குப் போகலாம். இருபது மைலுக்குள்தான். எதிரே மோனி என்ற குட்டித் தீவு இருக்கிறது, அதில் மயில்கள் திரிகின்றன. உங்கள் மகளுக்கு அது ஒன்றே போதும். ஏஜினாவின் பிஸ்தா கிரீஸ் முழுக்கப் பெயர் பெற்றது. தீவின் வடகிழக்கு மலைமேல் அஃபையா என்ற தெய்வத்தின் கோயில் நிற்கிறது, கிமு 500 ஒட்டிக் கட்டியது, தூண்கள் பல இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. டாக்ஸி பிடித்துப் போய்வரலாம்.

அடுத்த நாள் போரோஸ். நான் அதிகம் விரும்பும் இடம் இதுதான். வடமேற்கிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஏரி போல ஓர் அகன்ற நீர்ப்பரப்பு வரும், சுற்றிலும் பைன் மரங்கள். ஊர் எங்கே என்று தேடிக்கொண்டே போவோம். ஒரு முனையைத் திரும்பியதும் வீடுகள் அடுக்கடுக்காக மேலேறி, உச்சியில் ஒரு மணிக்கூண்டோடு முன்னால் எழுந்து நிற்கும். தீவுக்கும் எதிரே கலாட்டாஸ் ஊருக்கும் இடையில் சில நூறு மீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய்தான். அதில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிறு படகுகள் நம் ஊர் ஷேர் ஆட்டோ போல ஓயாமல் குறுக்கே போய்வந்துகொண்டிருக்கும். எதிர்க்கரையை ஒட்டி ஆழம் குறைவு, ஊர்ப்பக்கமாகவே போக வேண்டும். தீவின் மேட்டில் கடல் தெய்வமான பொசைடன் கோயிலின் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. மாசிடோனியப் படையிடம் பிடிபடாமல் இருக்க, ஏதென்ஸின் பேச்சாளர் டெமொஸ்தனீஸ் கிமு 322இல் நஞ்சுண்டு இறந்தது அங்கேதான். பார்ப்பதற்குக் கற்கள் அதிகம் இல்லை. ஆனால் அங்கே நின்றால் கீழே கடல் இரண்டு பக்கமும் தெரியும்.

பிறகு ஹைட்ரா. உங்களுக்குச் சான்டோரினி ஆசை வந்ததற்குக் காரணமான எல்லாம் இங்கே இருக்கின்றன. மலையில் ஏறும் வெள்ளை வீடுகள், கல் மாளிகைகள், அரைவட்டமான சின்னத் துறைமுகம். கார், ஸ்கூட்டர் எதுவும் கிடையாது. குப்பை லாரி போன்ற ஒன்றிரண்டைத் தவிர ஊரில் மோட்டார் வண்டியே ஓடாது. கோவேறு கழுதைகள்தான் பெட்டி, சிமெண்ட் மூட்டை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சுமந்து படியேறுகின்றன. 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்குக் கப்பல்களைத் தந்த தீவு இது. அந்த மாளிகைகள் அந்தக் கப்பல் முதலாளிகள் கட்டியவை. ஆனால் துறைமுகம் வடக்கு பார்த்தது, மிகச் சிறியது. ஆகஸ்ட் மாதம் பிற்பகலில் போனால் படகுகள் இரண்டு மூன்று வரிசையாக ஒன்றன்முன் ஒன்று நிற்கும், நங்கூரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும். நான் குழந்தைகளோடு வருபவர்களுக்கு வேறு வழி சொல்வேன். படகைப் போரோஸிலோ, எதிர்க்கரையில் எர்மியோனியிலோ கட்டிவிட்டு, விரைவுப் படகில் ஹைட்ராவுக்குப் போய் ஒரு பகல் முழுவதும் சுற்றிவிட்டு மாலையில் திரும்பி வாருங்கள். பயணம் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். சொந்தப் படகில்தான் இறங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், மே மாதத்தில், முற்பகல் 11 மணிக்குள் போய்ச் சேருங்கள், இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

திரும்பும் வழியில் பழைய எபிடாரஸ் துறையில் ஓர் இரவு தங்கினால், கிமு நான்காம் நூற்றாண்டின் பெரிய திறந்தவெளி அரங்கத்தைப் பார்க்கலாம். துறையிலிருந்து டாக்ஸியில் கொஞ்ச நேரம். மேல்படியில் உங்கள் மகனை உட்காரவைத்துவிட்டு நடுவட்டத்தில் நின்று சாதாரணக் குரலில் அவன் பெயரைச் சொல்லுங்கள்.

கிரேக்கத் தீவுகளில் படகு கட்டும் முறையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை, சேதம், கண்ணீர் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. நம் ஊரில் படகைத் துறைச்சுவருக்குப் பக்கவாட்டில் அணைப்போம். அங்கே இடம் குறைவு என்பதால் படகின் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி, கார்களைப் பின்பக்கமாக நிறுத்துவது போல வரிசையாக நிறுத்துகிறார்கள். சுவரிலிருந்து நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வர வேண்டும். படகு உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் ஃபெண்டர் என்ற காற்றடைத்த உருளைகளைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். சுவருக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது, காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கரையில் இருப்பவரிடம் வீச வேண்டும், பிறகு மற்றது. இரண்டும் கட்டிய பிறகு சங்கிலியை விறைப்பாக இழுத்தால், முன்னே நங்கூரமும் பின்னே கயிறுகளும் படகை நடுவில் பிடித்துக்கொள்ளும். ஒரு பலகையைப் போட்டு இறங்கிவிடலாம். சொல்லும்போது எளிது. பக்கவாட்டுக் காற்றில் பத்து டன் படகைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

நங்கூரம் பிடித்ததா இல்லையா என்று அறிய ஒரு வழி உண்டு, எந்தக் கருவியும் வேண்டாம். இயந்திரத்தைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, அணியத்தில் நின்று, வெறுங்காலைச் சங்கிலிமேல் வைக்க வேண்டும். நங்கூரம் கல்லிலும் மண்ணிலும் இழுபட்டால் சங்கிலி கடகடவென்று அதிரும், அந்த அதிர்வு பாதத்தில் ஏறும். மணலில் புதைந்து பிடித்துவிட்டால் சங்கிலி இறுகி, அசைவில்லாமல் ஆகிவிடும். கடலடி கறுப்பாகத் தெரிந்தால் அது கடற்புல், அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லும் பாழாகும். வெளிர்நிறமாக மணல் தெரியும் இடம் பார்த்துப் போட வேண்டும். உங்கள் மகனுக்கு முதல் நாளே இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். என்னோடு வந்த பிள்ளைகள் பலர் இரண்டாம் நாளில் இந்த வேலையைப் பெரியவர்களிடம் விட மறுத்திருக்கிறார்கள்.

இதிலிருந்தே மைத்துனரின் சான்றிதழ் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். ஸ்கிப்பர் இல்லாமல் படகை எடுக்க வேண்டுமென்றால், பாய்மரப் படகு ஓட்டும் தகுதிச் சான்று உள்ள ஒருவரும், உதவக்கூடிய அனுபவமுள்ள இன்னொருவரும் படகில் இருக்க வேண்டும் என்பது கிரேக்க விதி. சிறு பாய்ப்படகில் எடுத்த ஒரு வாரப் பயிற்சி இதற்கு ஈடாகாது. உங்கள் குடும்பத்தில் இரண்டாவது ஆளும் இல்லை. ஸ்கிப்பரோடு எடுங்கள், இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. மைத்துனர் கற்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், சுக்கானும் பாய்க்கயிறும் பகல் முழுவதும் அவர் கையில்தான் இருக்கும். ஸ்கிப்பருக்கு நாள் சம்பளம் தனி, அவர் சாப்பாடு உங்கள் பொறுப்பு, படுக்கத் தனி அறையும் தர வேண்டும். எனவே மூன்று அறைப் படகு உங்களுக்குப் போதாது, நான்கு அறை உள்ள 45 அடி அளவில் பாருங்கள். அவர் ‘இன்று புறப்பட வேண்டாம்’ என்று சொன்னால் அதற்குமேல் வாதாடாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவும்தான் அவருக்குச் சம்பளம் தருகிறீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் தெரியும் வாடகை முழுத் தொகை அல்ல. டீசல், கடைசி நாள் துப்புரவு, படுக்கை விரிப்பு, துறைக் கட்டணம், கடல்வரி ஆகியவை மேலே சேரும். இவற்றில் எவை வாடகைக்குள் அடங்கும், எவை தனி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேதத்துக்கு முன்பணமாகச் சில ஆயிரம் யூரோ கார்டில் பிடித்துவைப்பார்கள். படகை ஒப்புக்கொள்ளும்போது கீறல், கிழிசல் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்றாகப் படகு ஒப்பந்தத்தையும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்கள் எழுதிய பயணிகள் பட்டியலையும் வைக்கலாம். படகுக்கு முன்னும் பின்னும் உள்ள இரவுகளுக்கு ஹோட்டல் பதிவையும் சேர்த்துவையுங்கள். விசா அதிகாரி எதை ஏற்பார் என்பதில் நான் உறுதி சொல்ல முடியாது, அது என் துறை இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு நாட்கள் ஏராளம், அந்த நாட்களுக்கென்றே இறைச்சி, பால், முட்டை சேராத சமையல் ஒன்று வளர்ந்திருக்கிறது. ‘நிஸ்டீசிமோ’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் எச்சரிக்கை, அந்த நோன்பில் இறால், கணவாய் போன்றவற்றுக்கு அனுமதி உண்டு, அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை அவரை, கீரையும் அரிசியும் சேர்த்துச் சமைத்த ஸ்பனகோரிஸோ, அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும் எல்லாம் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. கடைசியில் சொன்னதில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். படகில் அடுப்பு உண்டு, குக்கர் இருக்காது. சிறிய குக்கர் ஒன்றும் சாம்பார்ப் பொடியும் கொண்டுபோங்கள். நெய் கொண்டுபோகக் கூடாது, வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துவரத் தடை இருக்கிறது. பருப்பும் மசாலாவும் ஏதென்ஸில் ஒமோனியா சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் தெற்காசியக் கடைகளில் கிடைக்கும். தண்ணீரை மட்டும் சிக்கனமாகச் செலவழியுங்கள். தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர், தீவுகளிலோ குடிநீரே அருமை. உடைமைகளை மடிக்கக்கூடிய துணிப்பைகளில் எடுத்துவாருங்கள், சக்கரப் பெட்டியை வைக்கப் படகில் இடம் இல்லை.

சான்டோரினியை விட்டுவிடச் சொல்லவில்லை. படகு வாரம் முடிந்த பிறகு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய பயணிகள் கப்பலில் போங்கள், சாதாரணக் கப்பல் சுமார் எட்டு மணி நேரம், விரைவுக் கப்பல் ஐந்து. அந்தக் கப்பல் எரிமலைக் குழிக்குள்ளேதான் நுழைகிறது, 300 மீட்டர் உயரப் பாறைச்சுவர் தலைக்குமேல் எழுவதைத் தளத்தில் நின்று பார்க்கலாம். தீவில் இரண்டு நாள் தங்கினால், விலிஹாடாவிலிருந்து அரை நாள் பயணமாகப் புறப்படும் பாய்மரப் படகுகள் உண்டு. அந்தத் துறையிலேயே இருப்பவர்கள் ஓட்டுகிறார்கள், அன்றைய காற்றுக்கு ஏற்ற வழியில் அழைத்துப்போவார்கள். சான்டோரினியில் பாய் விரிக்கும் ஆசையும் அப்போது நிறைவேறிவிடும்.

கடைசியாக மகள். நீச்சல் தெரியாதது தடையே இல்லை, ஆனால் புறப்படுவதற்குள் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் கற்றுக்கொடுங்கள், அவளுக்கே தைரியம் வரும். படகில் குழந்தைகளுக்கான உயிர்காப்பு உடை அளவு பார்த்து வைத்திருக்கமாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே அவள் வயதையும் எடையையும் எழுதி, அதற்கேற்ற உடை வேண்டும் என்று கேட்டு, பதில் வாங்கிவையுங்கள். படகு ஓடும்போதும், துறையில் கட்டியிருக்கும்போதும், மேல்தளத்தில் கால்வைத்தால் அது அவள் உடம்பில் இருக்க வேண்டும். என் படகில் இந்த விதிக்கு விலக்கு இல்லை. குழந்தைகள் தவறி விழுவது அலையில் அல்ல, பெரும்பாலும் துறையில் அந்தப் பலகைமேல் நடக்கும்போதுதான். முதல் நாள் எல்லோருக்கும் கொஞ்சம் தலைசுற்றும், மருத்துவரைக் கேட்டு அதற்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே போடுங்கள், சுற்றத் தொடங்கிய பிறகு பயன் குறைவு. அவளைக் கீழே அறையில் படுக்கவைக்காமல் மேலே, சுக்கானுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் எடையையும், நீங்கள் போகும் தேதியையும் இங்கே எழுதினால், எந்த அளவு உடை கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.